நாலாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர், ஆறு மணி நேரம்

போன ஞாயிற்றுக்கிழமை சாயா குடித்துக்கொண்டிருக்கும்போது நீ உன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாய். "பாரும்மா, கொச்சியிலேர்ந்து ஹாலிஃபாக்ஸ் பன்னிரண்டாயிரத்து எழுநூறு கிலோமீட்டர். பறக்குற நேரம் பதினாறு மணிக்கூர். இதுக்குப் போயா சோறு இறங்காம உக்காந்திருக்கே?" என்றாய். நான் கண்ணாடியைத் தேடுகிறவள்போல எழுந்து உள்ளே போய்விட்டேன். கண்ணாடி என் தலைமேல்தான் இருந்தது. நீ பின்னாலிருந்து சிரித்தாய். "பயப்படாத, பிளேன் நீ ஆபீஸ் போற போட்டு மாதிரி இல்ல. நடுக்காயல்ல எஞ்சின் நின்னு போகாது." தூரத்தைக் கண்டு பயந்துதான் நான் எழுந்து போனேன் என்று நினைத்திருப்பாய். தூரம் எனக்குப் பயம்தான், பொய் சொல்லவில்லை. ஆனால் அன்று நான் பார்க்க மாட்டாமல் போனது போனில் இருந்த அந்தப் பக்கத்தை. இரண்டு விமான நிலையங்களின் பெயரைக் கொடுத்தால் இடையில் ஒரு வளைந்த கோடு போட்டு, இத்தனை கிலோமீட்டர், இத்தனை மணி நேரம் என்று சொல்லும் பக்கம். உனக்குப் பதினொரு வயதில் நீ எனக்கு அதே மாதிரி ஒன்றைக் காட்டியிருக்கிறாய். அன்றும் நான் பார்க்கவில்லை.

இன்னும் ஒன்பது நாளில் நீ போகிறாய். அதற்குள் உன்னிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அப்பாவின் சாவை நம் இருவரிடமும் மறைத்தவர் அப்பாவோடு வேலை பார்த்த ஷாஜி மாமா என்று எட்டு வருஷமாக நீ நம்புகிறாய். அது உண்மை இல்லை. அவர் என்னிடம் மறைக்கவில்லை. எனக்கு முதல் நாளே தெரியும். மறைத்தது நான். உன்னிடம் மட்டும். இதைச் சொன்னால் இனி நான் போனில் பேசும் எதையும் நீ நம்புவாயா என்று தெரியவில்லை. நீ அங்கே போனபிறகு நமக்குள் மிஞ்சப்போவது என் குரல் ஒன்றுதான், அதையும் இப்போது பணயம் வைக்கிறேன். நம் தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுக்கச் சொல்லி இரண்டு மாதமாகக் கேட்கிறார்கள். இதைத்தான் கொடுக்கப் போகிறேன். அந்தப் பொய்யை நான் பத்துப் பேர் பார்க்கச் சொன்னேன். இந்த வட்டாரத்தில் வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருக்கிறார்கள், நான் செய்ததைச் செய்யக் காத்திருக்கும் பெண்களும் இருப்பார்கள். அவர்களும் படிக்கட்டும். ஆனால் அச்சுக்குப் போகுமுன் நீ படித்துவிடுவாய்.

முதலில் அந்தப் பக்கத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீ இப்போதும் அதை நம்புகிறாய். அது சொல்வது ஓடுபாதையிலிருந்து ஓடுபாதைக்கு ஒரே மூச்சில் பறந்தால் ஆகும் நேரம். அப்படி ஒரு விமானமே இருக்காது. உன் டிக்கெட்டைப் பார், இரண்டு இடத்தில் மாறி முப்பத்தொரு மணி நேரம். நடுவிலுள்ள பதினைந்து மணி நேரத்தைப் பற்றி அந்தப் பக்கத்துக்கு ஒன்றும் தெரியாது. அந்தப் பதினைந்து மணி நேரத்தில்தான் மனிதர்கள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து தூங்குவார்கள், போனை சார்ஜில் போட்டுவிட்டு அதன் பக்கத்திலேயே நிற்பார்கள், வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரியாமல் கண்ணாடிச் சுவருக்கு வெளியே வெறித்துக்கொண்டிருப்பார்கள். உன் அப்பா அப்படி இருந்த ஒரு பயணத்தைப் பற்றி உனக்குத் தெரியாது. அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு பி.காம் கடைசிப் பரீட்சை எழுதியவள் நான். நீ பிறக்கும்போது எனக்கு இருபது. உன் நண்பர்கள் இன்றைக்கும் என்னை முதல் தடவை பார்த்தால் உன் அக்கா என்று நினைத்து "சேச்சியாடா?" என்று உன்னைக் கேட்கிறார்கள், நீ கூச்சப்படுகிறாய். அந்த வயதில் எனக்கு எல்லாமே பயம். நீ மூச்சு விடுகிறாயா என்று மூக்கின் கீழ் விரல் வைத்துப் பார்ப்பேன். அப்பா இங்கே வெலிங்டன் தீவுத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தார். உனக்கு ஆறு வயதாகும்போது தார் எஸ் சலாம் துறைமுகத்துக்கு வேலைக்குப் போனார். ஆப்பிரிக்கா என்றதும் நான் அழுதேன். அவர் சுவரில் ஆணி அடித்து உன் பள்ளிக்கூட அட்லஸ் படத்தை மாட்டி, "இந்தா பாரு, நம்ம கடல்தான். இந்தப் பக்கம் நாம, அந்தப் பக்கம் அவங்க" என்றார். அவரோடு ஒரே அறையில் தங்கியிருந்தவர் ஆலுவாக்காரர் ஷாஜி. அப்பாவை விடப் பத்து வயது இளையவர். அப்பாவிடமிருந்து தமிழ் கற்றுக்கொண்டு என்னை "சேச்சி" என்றும் அவரை "அண்ணாச்சி" என்றும் கூப்பிடுவார்.

உன் பெரியப்பா மாநகராட்சித் தண்ணீர்க் குழாய் வேலையில் இருந்தார், உனக்கு லேசாக ஞாபகம் இருக்கலாம். அப்பாவைக் கொச்சிக்குக் கூட்டிவந்து வளர்த்தவர் அவர்தான். உனக்கு ஒன்பது வயதில் ஒரு காலை, வேலைக்குப் போகச் சட்டை மாட்டியவர் அப்படியே விழுந்தார். போய்விட்டார். அப்பாவுக்கு யார் சொல்வது என்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இங்கே அதற்கு ஒரு வழக்கம் உண்டு. தூரத்தில் இருப்பவனிடம் செத்துவிட்டார் என்று சொல்லக்கூடாது. "கொஞ்சம் சீரியஸ், ஐசியூல வச்சிருக்கு, முடிஞ்சா வா" என்று சொல்ல வேண்டும். வழியில் அவன் தனியாக உடைந்துபோகக் கூடாதே என்ற கரிசனம்தான். இந்தத் தெருவில் அப்படிச் சொல்லாத வீடு கிடையாது. நான் போனை எடுத்து அந்த வார்த்தைகளை அந்த வரிசையிலேயே சொன்னேன். குரல் நடுங்கவில்லை. என் தைரியத்தைப் பார்த்துப் பக்கத்து வீட்டு ஆமினா இத்தா என் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

அப்பா வந்து சேர இருபத்து மூன்று மணி நேரம் ஆனது. வெயில் ஏறும் நேரம். ஆட்டோ தெருமுனையில் திரும்பியது, நம் வாசலில் நீலத் தார்ப்பாய் கட்டி வாடகை நாற்காலி போட்டிருந்தது. ஆட்டோ அங்கேயே நின்றுவிட்டது. அவர் நிறுத்தச் சொன்னாரா, ஓட்டுநருக்கே புரிந்து நிறுத்தினாரா தெரியாது. இறங்கி நடந்து வந்தார். கையில் ஒரு தாள். நடுவில் விமானம் மாறும் இடத்தில் ஒன்பது மணி நேரம் காத்திருந்தாரே, அங்கிருந்து யார் யாருக்கோ போன் போட்டு, எறணாகுளத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அண்ணனுக்கு அறுவை சிகிச்சைக்கு ஏற்பாடு செய்து, டாக்டர் பெயர், வார்டு, எல்லாம் அதில் எழுதியிருந்தார். அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அண்ணன் காலடியில் உட்கார்ந்தார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. எல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் போனபிறகு ஒரு மத்தியானம், நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய், என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"வழி முழுக்க அண்ணங்கூடப் பேசிக்கிட்டே வந்தேன். பயப்படாதண்ணே, எல்லாம் ஏற்பாடு பண்ணிட்டேன்னு. அந்த ஆளு இல்லவே இல்ல. எனக்கு மட்டும்தான் அது தெரியாது. இந்தத் தெருவுல நாய்க்குக்கூடத் தெரிஞ்சிருக்கும்."

"நீங்க வழியில ஒடைஞ்சு போயிடக் கூடாதேன்னுதான்..."

"ஒடையட்டுமே. பிளேன்ல அழுதா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. தண்ணி கொண்டாந்து குடுப்பாங்க. இனி இப்படிச் செய்யாதே. எனக்கும் செய்யாதே, பையனுக்கும் செய்யாதே. எதுவானாலும் நேராச் சொல்லு." நான் சரி என்றேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு வியாழக்கிழமை, ஆபீஸில் மத்தியானச் சோற்றுப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தபோது ஷாஜி கூப்பிட்டார். "சேச்சி, அண்ணாச்சிக்குக் கொஞ்சம் சீரியஸாணு. ஐசியூல இருக்கு." என் வார்த்தைகள், என் வரிசை. குழாயை மூடினேன். "ஷாஜி, நானும் இதைச் சொல்லியிருக்கேன். நேராச் சொல்லு" என்றேன். அந்தப் பக்கம் ஒரு கனத்த லாரி போகும் சத்தம் கேட்டது. பிறகு அவர் அழுதார். ராத்திரி வேலை முடிந்து அறைக்கு வந்த உன் அப்பா குளிக்கப் போன இடத்தில் விழுந்திருந்தார், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போதே உயிர் இல்லை. போனை எடுத்து மூன்று நிமிடம்கூட ஆகியிருக்காது. மூன்று நிமிடத்தில் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது, மகனே. ஷாஜி என்னிடம் மறைக்க முயன்றது முதல் நிமிடம் மட்டும்.

அன்று போட்டில் காயலைக் கடந்து திரும்பி வரும்போது உனக்கு எப்படிச் சொல்வது என்று வாக்கியங்களைச் சேர்த்துக்கொண்டே வந்தேன். நீ வாசலில் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தாய். "என்னம்மா சீக்கிரம் வந்துட்டே?" என்றாய். நான் வாயைத் திறந்தேன். "அப்பாவுக்கு உடம்பு சரியில்ல. இங்க கொண்டுவந்து காட்டப் போறாங்க" என்றேன். நீ ஒரு கணம் யோசித்தாய். பிறகு உன் முகம் மலர்ந்தது. "அப்போ ஓணத்துக்கு அப்பா இங்கதானா?" என்றாய்.

அந்த ஐந்து நாள்களைப் பற்றி நான் யாரிடமும் பேசியதில்லை. உடம்பைக் கொண்டுவரக் காகிதங்கள் தயாராக ஐந்து நாள் ஆனது. அந்த ஐந்து நாளும் நீ சந்தோஷமாக இருந்தாய். உன் கட்டிலை ஜன்னல் பக்கம் இழுத்துப்போட்டு, "காத்து வரும், அப்பா படுக்கட்டும்" என்றாய். தலைமாட்டில் ஸ்டூல், ஸ்டூல் மேல் தண்ணீர்க் குப்பி, அதன் மேல் கவிழ்த்த டம்ளர். நடக்க முடியாமல் வந்தால் என்ன செய்வது என்று நீயாக யோசித்து, ஆமினா இத்தா வீட்டுக்குப் போய் அவள் புருஷன் வைத்திருந்த கைத்தடியைக் கேட்டாய். அவளுக்கு விஷயம் தெரியும். தெருவுக்கே தெரியும். அவள் தடியை எடுத்து முந்தானையால் துடைத்து, "கொண்டு போ மோனே. வாப்பா நடக்கட்டும்" என்று கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். செங்கோட்டையிலிருந்து வந்த சொந்தக்காரப் பெண்களை உன் தாய்மாமா தெருமுனையிலேயே நிறுத்தி, முகம் கழுவவைத்து உள்ளே அனுப்பினார். அவர்கள் உன்னைப் பார்த்துச் சிரித்தார்கள். எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் பார் என்று நீ குதித்தாய்.

உன் நன்மைக்காகத்தான் மறைத்தேன் என்று வெகுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சின்னப் பிள்ளை, பரீட்சை நேரம், இன்னும் கொஞ்ச நாள் நிம்மதியாக இருக்கட்டும் என்று. அது இல்லை. உலகத்தில் அவர் உயிரோடு இருந்த இடம் அப்போது உன் தலை ஒன்றுதான். அப்பா வந்ததும் அதைக் காட்டணும், இதைக் கேட்கணும் என்று நீ பேசப் பேச, நான் காய் நறுக்குகிற சாக்கில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்கும்வரை எனக்கும் அவர் இருந்தார். "அப்பாவுக்கு மீன் குடுக்கலாமா, டாக்டர் வேண்டாம்பாரா?" என்று கேட்டாய். "சின்ன மீன் குடுக்கலாம்" என்று பதில் சொன்னேன். அந்தப் பதிலைச் சொன்ன குரல் இன்றைக்கும் சில சமயம் மீன்காரன் கூவும்போது எனக்குள் எழுந்து வருகிறது. நான் மீன் வாங்காமல் கதவை மூடிவிடுவது வாடை பிடிக்காததால் என்று நீ நினைக்கிறாய்.

சனிக்கிழமை உன்னை வீட்டில் விட மனம் வராமல் ஆபீஸுக்குக் கூட்டிப்போனேன். கப்பல் சரக்குக்குக் காகிதம் தயாரிக்கும் ஆபீஸ், உனக்குத் தெரியும். மிளகு இத்தனை மூட்டை, ஏலக்காய் இத்தனை பெட்டி, எடை இத்தனை என்று நான் தினமும் தட்டச்சு செய்யும் இடம். முதலாளி தன் அறையிலிருந்தே தெரிந்த ஆட்களுக்குப் போன் போட்டு, விமான நிலையத்துச் சரக்குப் பகுதியில் அப்பாவுக்கான காகிதங்களைச் சரிசெய்துகொண்டிருந்தார். அன்று அங்கிருந்து சரக்குச் சீட்டின் நகல் வந்தது. பக்கத்து மேஜைக் கம்ப்யூட்டரில் நீ உட்கார்ந்திருந்தாய். அனுப்புநர், பெறுநர், என் பெயர், எண்ணிக்கை ஒன்று. எடை என்ற கட்டத்தில் ஒரு எண். பெட்டியோடு சேர்த்து. அந்தக் கட்டத்தில் நான் எத்தனையோ ஆயிரம் எண்களை அடித்திருக்கிறேன்.

"அம்மா, தார் எஸ் சலாம் டு கொச்சி நாலாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர்தான். ஆறு மணிக்கூர்னு போட்டிருக்கு, இங்க வந்து பாரு" என்றாய்.

நான் அந்தச் சீட்டின்மேல் செய்தித்தாளைப் போட்டு மூடினேன். எழுந்து வரவில்லை.

"ஆறு மணிக்கூர்னா எதுக்கு அஞ்சு நாள்?"

"பறக்கிற அளவுக்கு ஒடம்பு தேறணும்ல."

"அப்போ தேறிட்டாரா?"

"ம்" என்றேன். முதலாளி தன் அறையிலிருந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். எழுந்து வெளியே போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரைக்கு விமானம். ஷாஜி அதே விமானத்தில் அப்பாவோடு வந்தார், தன் வேலையை விட்டுவிட்டு. உன் தாய்மாமா ஆம்புலன்ஸோடு சரக்கு வாசலுக்குப் போய்விட்டார். உன்னை வீட்டில் இருத்திவிடச் சொல்லி எல்லோரும் சொன்னார்கள். நீ தடியைக் கையில் பிடித்துக்கொண்டு காரில் ஏறி உட்கார்ந்துவிட்டாய். தோப்பும்படிப் பாலம் ஏறும்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். பாலம் இறங்கிவிட்டது. இடப்பள்ளியில் சிக்னல் விழுந்தது, அங்கே சொல்லலாம் என்றிருந்தேன், நீ அப்போது ஆகாயத்தில் ஒரு விமானத்தைக் காட்டி "அதுவா இருக்குமோ?" என்றாய். களமசேரி போனது. ஆலுவாப் பாலத்தில் ஆற்றைப் பார்த்துக்கொண்டே உன் கையைப் பிடித்தேன். "கை ஏம்மா ஜில்லுன்னு இருக்கு? ஏசிய கொறைக்கச் சொல்லட்டா?" என்று கேட்டுவிட்டு நீயே டிரைவரிடம் சொன்னாய். அத்தாணி தாண்டியபிறகு சொல்வதற்கு ரோடு மிஞ்சவில்லை.

வருகை வாசலின் கம்பித் தடுப்பில் நீ முன்னால் போய் நின்றாய். தள்ளுவண்டிகள் வரத் தொடங்கின. போர்வை மூட்டைகள், டிவி பெட்டிகள், அப்பாவைப் பார்த்ததும் ஓடும் பிள்ளைகள். நீ ஒவ்வொரு முகமாகப் பார்த்தாய். கூட்டம் குறைந்தது. காவலாளியிடம் "சேட்டா, உள்ள இன்னும் ஆள் உண்டா?" என்று கேட்டாய். "உண்டு மோனே. லக்கேஜ் எடுத்துட்டு வரும்" என்றார் அந்த நல்ல மனுஷன். என்னிடம் திரும்பி, "இன்னும் வரணும்மா. நடக்க முடியாதவங்களைக் கடைசியாத்தான் விடுவாங்க" என்று எனக்கு ஆறுதல் சொன்னாய். அப்போது ஷாஜி வந்தார். தோளில் ஒரு பை மட்டும். தாடி வளர்ந்திருந்தது. நீ கம்பிக்கு அடியில் குனிந்து ஓடி, "ஷாஜி மாமா, அப்பா எங்க?" என்றாய்.

அவர் என்னைப் பார்த்தார். உனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்து வந்தவர். அவர் என்னைப் பார்த்ததும் நீயும் என் பக்கம் திரும்பத் தொடங்கினாய். உன் முகம் முழுதாகத் திரும்புமுன் நான் கேட்டேன். சத்தமாக, சுற்றி நின்றவர்கள் பார்க்கும்படி கேட்டேன். "ஷாஜி, அவரு எங்க? அவரைக் கூட்டிட்டு வர்றேன்னு தானே சொன்னே?"

ஒரு மனிதனுக்குப் புரிந்துகொள்ள எவ்வளவு நேரம் ஆகும்? அவருக்கு ஒரு மூச்சு விடும் நேரம் ஆனது. பையைக் கீழே வைத்தார். உன் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தார். "அப்பா போயி மோனே. வியாழாழ்ச்சயே போயி. ஞான்தான் மறைச்சது. போன்ல சொல்ல தைரியம் வந்தில்ல. அம்மாவுக்கு ஒண்ணும் அறியாது" என்றார். என்னை நிமிர்ந்து பார்த்து, "க்ஷமிக்கணும் சேச்சி" என்றார். நீ அந்தத் தடியால் அவரை அடித்தாய். தோளில், கையில், முழங்காலில். அவர் தடுக்கக் கையைக்கூட உயர்த்தவில்லை. நான் உன்னைத் தடுக்கவில்லை. பிறகு நீ என்னிடம் ஓடிவந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டு, "நம்ம ரெண்டு பேரையும் ஏமாத்திட்டாங்கம்மா" என்றாய். நான் உன் தலையைத் தடவிக்கொண்டு ஆமாம் என்றேன்.

அந்த ஆமாமுக்குப் பிறகு எட்டு வருஷம். முதல் வருஷம் ஷாஜி நம் வீட்டுக்கு மூன்று தடவை வந்தார், நீ கட்டிலடியில் போய்ப் படுத்துக்கொண்டாய். நான்காவது தடவை அவர் தெருமுனையிலிருந்தே போன் செய்தார், அங்கே போய்ப் பேசிவிட்டு வந்தேன். பெரியவன் ஆனதும் நீ மறந்துவிடுவாய் என்றிருந்தேன். நீ மறக்கவில்லை. கோபத்தை நன்றாக வளர்த்துக்கொண்டாய். உன் பொய்யில்லாத குணத்தைப் பற்றி ஆசிரியர்கள் என்னிடம் புகழ்ந்தபோதெல்லாம் எனக்கு அது எங்கிருந்து முளைத்தது என்று தெரியும். "நீயும் நானும்" என்று நீ சொல்லும்போது அதற்குள் ஒரு மூன்றாம் ஆள் அடிவாங்கிக்கொண்டு முட்டி போட்டிருப்பது எனக்குத் தெரியும். இத்தனை நெருக்கமான தாயும் பிள்ளையும் உண்டா என்று பிறர் சொல்லும்போது நான் பேச்சை மாற்றிவிடுவேன்.

போன வாரம் ஷாஜி வந்தபோது அவரை நீ எப்படி நடத்தினாய் என்று உனக்கே தெரியும். ஆலுவாவிலிருந்து பஸ் மாறி மாறி, உனக்குக் குளிருக்குக் கம்பளித் தொப்பியும் கையுறையும் வாங்கி வந்தார். நீ பொட்டலத்தைத் தொடவில்லை. "அங்க எல்லாம் கிடைக்கும். பொய் சொல்ற ஆளுங்ககிட்ட எனக்கு ஒண்ணும் வேண்டாம்" என்று அவர் காதில் விழச் சொல்லிவிட்டு மாடிக்குப் போனாய். அவர் சிரித்தார். "மோனுக்கு இன்னும் தேஷ்யம் மாறியில்ல. அண்ணாச்சியோட கோவம் ஒரு சாயாவுக்குள்ள தீரும். இது சேச்சியோட சைடு" என்றார். பஸ் நிறுத்தம்வரை கூட நடந்தேன். இனியும் என்னால் முடியாது, சொல்லிவிடப் போகிறேன் என்றேன். அவர் நின்றுவிட்டார்.

"சொல்ல வேண்டா சேச்சி. அவன் அங்க ஒத்தைக்கு இருக்கப் போறான். அங்க இருக்கும்போது அவனுக்கு ஒரு ஆளை முழுசா நம்பணும். அது சேச்சி. எனக்கு இது சீலமாயி."

பழகிவிட்டதாம். அந்தச் சொல்லைக் கேட்டபிறகுதான் எழுத உட்கார்ந்தேன்.

நீ கோபப்படு. உனக்கு அந்த உரிமை உண்டு, ஒரு தடவை தவறான ஆளிடம் காட்டிவிட்டாய், அது என்னால். உனக்கு நான் கொடுக்கக்கூடிய ஒரே புத்திமதி உன் அப்பாவினுடையது, நான் காப்பாற்றாதது. நேராகச் சொல், நேராகக் கேள். இங்கிருந்து யாராவது கூப்பிட்டு "கொஞ்சம் சீரியஸ்" என்றால் டிக்கெட் பார்க்காதே, தூரம் பார்க்காதே. "இருக்காங்களா, இல்லையா?" என்று கேள். என் விஷயத்தில் உனக்கு நேராகத்தான் சொல்ல வேண்டும் என்று உன் தாய்மாமாவிடம் சொல்லி வைத்துவிட்டேன். ஆமினா இத்தாவிடமும் சொன்னேன். "நீ முதல்ல மரிச்சுக் காட்டு பெண்ணே. பின்னே ஆலோசிக்கலாம்" என்று திட்டினாள். என்னையும் இரண்டு தடவை கேள். நன்றாக இருக்கிறேன் என்று நான் சொன்னால், நிஜமாகவா என்று இன்னொரு தடவை கேள். நீ அப்படிக் கேட்பது எனக்கு வலிக்கும். வலித்தாலும் கேள்.

ஷாஜியின் டயர்க் கடை ஆலுவா ஸ்டேஷனுக்குப் பின்னால். ஞாயிற்றுக்கிழமையும் மத்தியானம்வரை திறந்திருக்கும். இங்கிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம், இடப்பள்ளியில் நெரிசல் இருந்தால் இரண்டு. போவதும் போகாததும் உன் இஷ்டம். போனால் நான் கூட வரமாட்டேன். என் முன்னால் அவர் மறுபடியும் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்ளப் பார்ப்பார்.

இதை உன் பெட்டிக்குள், துணிகளுக்கு நடுவே வைத்துவிடலாம் என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். நீ அங்கே போய்ப் பெட்டியைத் திறந்து எடுத்துப் படிப்பாய், உன் முகத்தை நான் பார்க்க வேண்டியிருக்காது. சாமர்த்தியம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை, பார். அப்படிச் செய்யவில்லை. வருகிற சனிக்கிழமை காலை, நீ சாயா குடித்து முடித்ததும் கையில் தருவேன். உனக்குத் தமிழ் எழுத்து கூட்டித்தான் வாசிக்க வரும், மலையாளத்தில் எழுதியிருந்தால் பத்து நிமிடத்தில் முடித்திருப்பாய். எனக்கு இதை வேறு பாஷையில் எழுத வரவில்லை. நீ வாசிக்கும்வரை நான் எதிரில் உட்கார்ந்திருப்பேன். அடுப்பில் ஏதோ வைத்திருக்கிறேன் என்று எழுந்து போக மாட்டேன். எங்காவது வரி தடுக்கினால் விரலை வைத்துக் காட்டு, நான் வாசிக்கிறேன். அந்த வாசலில் நான் ஷாஜியிடம் கேட்ட கேள்வியில் தடுக்கினால், அதையும் உன் முகத்தைப் பார்த்து என் வாயாலேயே வாசிக்கிறேன்.

அம்மா